பாட்டில் செத்துப்போன என் தங்கை

என் தங்கை செத்துப்போன செய்தி எனக்குத் தெரியவந்தபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். கையில் எச்சில் உறிஞ்சும் குழாய் வேறு.

அவள் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். டாக்டருக்கு வலது கை, இடது கை இரண்டுமே அவள்தான். "வாயைத் திறங்க" என்று ஒரு அதட்டல் போட்டாளானால் நாற்காலியில் படுத்திருப்பவர் மட்டுமல்ல, எதிர்க் கட்டடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருப்பவர்களும் திறந்துவிடுவார்கள். நான் என் கடைவாய்ப் பல்லைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். என்னைப் படுக்கவைத்து, உதட்டோரம் குழாயைச் சொருகி, டாக்டர் கை கழுவிவிட்டு வரட்டும் என்று நின்றிருந்தாள். அப்போது வெளியே பெஞ்சில், கன்னம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிப்போன ஓர் இளைஞன், வலியை மறக்கத் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டான்.

பாட்டா அது! சரளைக்கல்லை டின்னில் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு பெண் குரல். ராகம் கிடையாது, ஆலாபனை கிடையாது, படபடவென்று பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு தாளத்தை ஓர் இம்மிகூட விடவில்லை.

*பாலத்துக்கடியில் பாயை விரிச்சேன்,*
*பசியைத் தலையணையா மடிச்சு வச்சேன்,*
*அம்மா போனா, அடுப்பும் போச்சு,*
*அஞ்சாம் வகுப்போட படிப்பும் போச்சு!*

தங்கையின் கையிலிருந்த குழாய் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை.

"அண்ணா, இது பாப்பா குரல் இல்ல?"

"ஆ... ஆ..." என்றேன். நாக்கு குழாய்க்குள் இருக்கும்போது அதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல முடியாது.

"அம்மா போனாளாமே! நான் எங்கே போனேன்?"

பெஞ்சில் இருந்த பூசணிக்காய் உற்சாகமாகிவிட்டான். "உங்களுக்குத் தெரியாதாக்கா? சரளைன்னு பேரு. அனாதைப் பொண்ணு. பாலத்துக்கடியில வளர்ந்தவ. அவங்கம்மா செத்த கதையைக் கேட்டு எங்க மெஸ்ஸுல ஒருத்தனுக்கு மூணு நாள் சோறு இறங்கல."

அன்று அவனுக்குப் பல் பிடுங்கும்போது மரத்துப்போகும் ஊசி கொஞ்சம் தாமதமாகத்தான் போடப்பட்டது என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க முடியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. உத்தியோக காலம் முழுக்கக் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிட்டவன். கடையே எரிந்தது என்பார்கள், நான் போய்ப் பார்த்தால் திரைச்சீலை கருகியிருக்கும். ஊரார் ஊதியதையெல்லாம் காற்றிறக்கியே காலம் போயிற்று. இப்போது ஓய்வு. கையில் மிச்சமிருக்கும் காற்றையெல்லாம் நானே ஊதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் அந்தப் பாட்டைக் கேட்டு எனக்குக் கோபமே வரவில்லை. இவ்வளவு பெரிய சேதத்தை இவ்வளவு அழகாக யாரும் என்னிடம் கணக்குக் காட்டியதில்லை!

தங்கைக்கு அந்த ரசனை இல்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் எப்படிடி செத்தேன்? அதையாவது சொல்லு. காய்ச்சலா, விபத்தா?"

பாப்பா கட்டிலில் உட்கார்ந்து கட்டுமான இயல் புத்தகத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். என் தங்கையின் ஒரே மகள். கல்லூரியில் கடைசி வருஷம். பாலம், சாலை, அணை கட்டுகிற படிப்பு. "ஃபீல் வரணும்லம்மா," என்றாள்.

"ஃபீல் வரணும்னா உங்கப்பாவைக் கொல்ல வேண்டியதுதானே?"

"அப்பா நடுக்கடல்ல கப்பல்ல இருக்காரும்மா. எப்படி மனசு வரும்?"

"என்னைக் கொல்ல மட்டும் வந்துச்சா!"

"நீ பத்திரமா வீட்டுல இருக்கியே, அந்தத் தைரியம்தான்."

நான் சிரித்தேன். தங்கை பார்த்த பார்வையில் என் மிச்சப் பற்களும் ஆட்டம் கண்டன.

அப்புறம்தான் பெரிய குண்டு வெடித்தது. அந்தப் பாட்டைக் கேட்டு ஓர் இசைக் கம்பெனி பாப்பாவைக் கூப்பிட்டிருக்கிறது. தொடர்ந்து பாட்டு வெளியிடுவார்களாம், ஊர் ஊராக மேடை ஏற்றுவார்களாம். கிளம்புகிற நேரம், பாப்பாவுக்குக் கடைசிப் பரீட்சை நடக்கிற நேரம். முதல் வேலையாக அவள் வாழ்க்கைக் கதையை அந்தப் பாலத்துக்கடியிலேயே படம் பிடிக்கப் போகிறார்கள். காலேஜ் என்று ஒன்று இருப்பதே கம்பெனிக்குத் தெரியாது.

"தெரிஞ்சா?" என்று கேட்டேன்.

"கதை போச்சு மாமா. அஞ்சாம் வகுப்போட நின்னவ பாடினாத்தான் கேப்பாங்களாம். டிகிரி வாங்குறவ பாடினா யாரு கேப்பா?"

"டிகிரியை முடி," என்றாள் தங்கை. "அப்புறம் எந்தப் பாலத்துக்கடியில வேணும்னாலும் போய்ப் பாயை விரி."

"ராப்புக்கு எதுக்கும்மா டிகிரி? எந்த ராப்பர் மார்க் ஷீட்டைக் காட்டிட்டு மைக்கைப் பிடிச்சான்?"

"மைக்கு கை விட்டா பிடிக்கிறதுக்கு ஒரு வேலை வேணும்டி!"

"கை விடாது. நான் விட்டாத்தானே அது விடும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்து உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டு அல்ல. அதுதான் அவளுடைய ஸ்டூடியோ. தொங்குகிற துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். தங்கையின் குளிர்கோட்டுக்கும் என் மைத்துனருடைய கப்பல் சீருடைக்கும் நடுவில் மைக்கைக் கட்டிவைத்து, ஒரே வரியை அவள் மறுபடி மறுபடி பாடுவதைக் கேட்டால் சுவரில் இருக்கிற பல்லிக்கே அந்த வரி மனப்பாடமாகிவிடும். வெளியே தரையில் டமாரம் என்று ஒரு பையன் மடிக்கணினியோடு உட்கார்ந்து தாளம் சேர்ப்பான். பேர்தான் டமாரம். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் ஒரு கிரகணம் வர வேண்டும்.

அன்றைக்கு என்ன கிரகணமோ, தங்கை அவனைப் பிடித்து, "ஏம்பா, நீயாவது சொல்லு, படிப்பு வேணுமா வேணாமா?" என்று கேட்க, அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான்.

"நான் ஸ்கூலையே முடிக்கல ஆன்ட்டி. என் தாளத்துல அது எங்கேயும் கேக்காது. முடிச்சிருந்தாலும் கேக்காது." கொஞ்சம் யோசித்து, "ஆனா படிக்க முடியாமப் போனது ஒண்ணும் ஸ்டைல் இல்ல. வலிச்சது," என்று சொல்லிவிட்டு மறுபடியும் காதை மூடிக்கொண்டான். அடுத்த வார்த்தை அடுத்த கிரகணத்துக்கு.

படப்பிடிப்புக்கு எந்தப் பாலம் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். பாப்பாவுக்கு அடிவயிறு வரைக்கும் தெரிந்த பாலம் உலகத்திலேயே ஒன்றுதான். ஆற்றின் மேல் போகும் பழைய லாரிப் பாலம். வளர்ந்ததால் தெரிந்ததல்ல. அவளுடைய கல்லூரிச் செயல்திட்டமே அந்தப் பாலம்தான். இரண்டு வருஷமாக அதற்கடியில் உட்கார்ந்து எந்தத் தூண் எவ்வளவு உட்காருகிறது, எத்தனை வண்டி போனால் எவ்வளவு அதிருகிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள். யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டாள். வகுப்புக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினாள். படம் பிடிக்கும்போது தொல்லை வேண்டாமென்று போனில் வகுப்புக் குழுவின் சத்தத்தையும் அணைத்துவிட்டாள். கெட்டிக்காரிகளுக்கு மட்டுமே வரும் முட்டாள்தனம் அது.

"நீங்க மட்டும் வாங்க மாமா. அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க," என்றாள்.

நான் மூச்சு விடவில்லை. தங்கைக்குத்தான் மூக்கு உண்டே.

பாலத்துக்கடியில் போய்ப் பார்த்தால் ஒரு பட்டாளமே இறங்கியிருந்தது. கேமரா, விளக்கு, குடை பிடிக்க ஓர் ஆள், அந்த ஆளுக்குக் குடை பிடிக்க இன்னோர் ஆள். தரையெல்லாம் அசல் புழுதி. ஆனால் ஒப்பனைக்காரர் டப்பாவிலிருந்து புழுதியை எடுத்துப் பாப்பாவின் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தார். அசல் அழுக்கு கேமராவில் எடுபடாதாம்! கந்தல் சட்டை, கிழிந்த பாய், தகர டின்னில் தீ. பாய் போதுமான அளவு கிழியவில்லை என்று ஒருவர் கத்தரிக்கோலோடு அதை நிதானமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நடுநாயகமாகக் கம்பெனி மேடம். கறுப்புக் கண்ணாடி, வெல்லக்கட்டிப் பேச்சு.

விளக்குக்காரர் சுவரோரமாக இறங்கிய ஓர் இரும்புக் குழாயில் விளக்கைக் கட்டப் போனார். "அதுல கட்டாதீங்கண்ணே," என்றாள் பாப்பா. "மழைத்தண்ணி இறங்குற குழாய். மேல கவ்வியிருக்கிற பட்டை துருப்பிடிச்சுப் போச்சு. இழுத்தா மண்டையில விழும்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா? இங்கேயே கிடந்து வளர்ந்தவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். எந்தக் காலேஜ்ல சொல்லித் தருவாங்க?"

மூன்றாம் பருவத்தில் சொல்லித் தருகிறார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்நாளில் விழுங்கிய பொருள்களில் அதுதான் மிகப் பெரியது.

கேமரா ஓடத் தொடங்கியது. பாப்பா கிழிந்த பாயில் உட்கார்ந்து தீயைப் பார்த்தபடி, "எங்கம்மா போன அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நாற்பத்தொண்ணு!"

குரல் ஆற்றங்கரைப் படியிலிருந்து வந்தது. மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு மனிதர், அவர் பின்னால் மஞ்சள் தலைக்கவசங்களின் ஊர்வலம். பாப்பாவின் வாத்தியார். பிள்ளைகள் வைத்த பேர் ஸ்கேல் சார். ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், வருகை எண்தான். நாளை மழை வரும் என்று, நாளைக்கு இருந்த பாலம் அளக்கும் வேலையை இன்றைக்கே மாற்றியிருக்கிறார். செய்தி குழுவில் வந்திருக்கிறது. பாப்பாதான் குழுவின் வாயை அடைத்துவைத்திருந்தாளே.

ஸ்கேல் சார் கிட்டே வந்து கந்தலையும் கன்னத்துப் புழுதியையும் மேலிருந்து கீழ் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "காய்ச்சல்னுதானேம்மா சொன்னே? இவ்வளவு மோசம்னு சொல்லலையே?"

"யார் இவர்?" என்றார் மேடம்.

பாப்பா பதில் சொல்வதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். "காலையிலே சாப்பிடாம ஓடி வந்துட்டே, உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்?"

தங்கை! ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு, கையில் சாப்பாட்டுத் தூக்கு. வேகமாக வந்தவள், பாயையும் தீயையும் கேமராவையும் மகளையும் பார்த்து நின்றுவிட்டாள்.

"இவங்க யாரு?" என்றார் மேடம். இந்த முறை குரலில் வெல்லம் இல்லை.

பாப்பா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடுகிறவளுக்கு ஒரு சொல்லுக்கு மூச்சு இல்லை. பாலத்தின் மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் மகளுடைய முகத்தைப் பார்த்தாள். நோயாளியின் தாடையைப் பார்த்தே எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்கிறவள் அவள். என்ன படித்தாளோ, தூக்கைக் கீழே வைத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் பல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேங்க. இந்தப் பக்கம் வரப்போ இந்தப் பொண்ணுக்கு ஏதாவது கொடுத்துட்டுப் போவேன்." குனிந்து தூக்கைப் பாயின் பக்கம் நகர்த்தினாள். "பாவம், அம்மா இல்லாத பொண்ணு."

ஆயிரம் பேர் வீடு எரிந்ததாகச் சொல்லி அழுததைப் பார்த்தவன் நான். இப்படி ஒருத்தி, ஒன்றுமே ஆகாததுபோல் நின்று, தன்னையே இல்லை என்று சொன்னதைப் பார்த்ததில்லை. ஊதுவதற்கு என்னிடம் காற்றே இல்லை அப்போது.

பாப்பா எழுந்தாள். கன்னத்துப் புழுதியைப் புறங்கையால் துடைத்தாள்.

"எங்க அம்மா," என்றாள். "இவங்கதான் எங்க அம்மா. அவர் எங்க சார். நான் காலேஜ்ல படிக்கிறேன். இந்தப் பாலம் என் புராஜெக்ட். பாட்டுல சொன்னது பொய்."

ஒப்பனைக்காரரின் கையிலிருந்து புழுதி டப்பா விழுந்தது. மேடம் மட்டும் அசரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பாவம், அவரும் அவர் தொழிலைத்தான் செய்கிறார்.

"சரி. இதுவரைக்கும் கேட்டது நாங்கதானே? வெளியே யாருக்கும் தெரியாது. காலேஜை விட்டுடு, அம்மா கேமரா பக்கம் வரவேணாம். கதை அப்படியே இருக்கட்டும். சுற்றுப்பயணமும் அப்படியே இருக்கு."

"போடி," என்று மெல்லச் சொன்னாள் தங்கை. "நான் வீட்டுல உயிரோட இருந்துக்கிறேன். போ."

"நீ சும்மா இரும்மா." பாப்பா மேடத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு என் பாட்டு வேணுமா, அனாதை வேணுமா?"

"ரெண்டும் சேர்ந்துதாம்மா போகும்."

"அப்ப பாட்டை மட்டும் கேட்டுட்டுச் சொல்லுங்க. டமாரம், மைக்கைப் போடு."

"தாளம்?" என்றான் டமாரம். ஒரே மாதத்தில் இரண்டாவது கிரகணம்!

பாப்பா விரலை மேலே காட்டினாள். பாலத்தின் இரண்டு துண்டுகளும் சேருகிற இடத்தில் ஓர் இடைவெளி உண்டு. ஒவ்வொரு லாரியும் அதைத் தாண்டும்போது முன் சக்கரம் தட் என்னும், பின் சக்கரங்கள் தடத்தட் என்னும். வண்டிகளை எண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் அவள் உட்கார்ந்திருந்தது அந்தத் தாளத்துக்குக் கீழேதான். தட். தடத்தட். தலையை ஆட்டிக்கொண்டே, அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டே போனாள்:

*அஞ்சாம் வகுப்புன்னு அளந்து விட்டேன்,*
*அரியர் ரெண்டு இருக்கு, அதை மறைச்சு விட்டேன்!*
*செத்தவன்னு சொன்னவ சோத்தோட வந்தா,*
*செத்தது நான்தான், அவ நின்ன நிலை கண்டு!*
*படிச்சவ பாடினா பாட்டா கசக்கும்?*
*பாலத்தை அளக்கிறவ குரலா வழுக்கும்?*
*என் ரேகையும் இதுதான், என் ரோல் நம்பரும் இதுதான்,*
*எடுத்துக்கோ, இல்ல விடு, நான் நிக்கிறதும் இங்கதான்!*

மேலே ஒரு பெரிய டிரெய்லர் போய்ப் பாலமே கைதட்டியது. மஞ்சள் தலைக்கவசங்கள் ஊளையிட்டன. விளக்குக்காரர் விசிலடித்தார். ஆறு கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றது என்றும் சொல்வேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஸ்கேல் சார் மட்டும், "அரியர் ரெண்டில்ல, மூணு," என்றார்.

மேடம் கடைசி வரை நின்று கேட்டார். "நல்லா இருக்கும்மா. நெஜமாவே நல்லா இருக்கு," என்றார். "ஆனா இதை எனக்கு விற்கத் தெரியாது."

அவ்வளவுதான். விளக்கு, குடை, குடைக்குக் குடை எல்லாம் வண்டியேறிப் போயின. பாப்பா அந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்கு வந்த கனவு டீசல் புகையோடு மேடேறிப் போய்க்கொண்டிருந்தது. அழுவாள் என்று தங்கை முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள். அவள் அழவில்லை. தூக்கைத் திறந்து நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, கந்தல் சட்டையோடு போய் அளவுகோலைப் பிடித்தாள். சாயங்காலம் வரை பிடித்திருந்தாள். இருட்டுவதற்குள் வீடு திரும்பியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் அலமாரிக்குள் புகுந்துவிட்டாள்.

அந்தப் பாட்டைப் பாப்பாவும் டமாரமுமே வெளியிட்டார்கள். கேட்டவர்கள் என் கணக்கில் பாதி உலகம். டமாரத்தின் கணக்கில் சில நூறு பேர். பழைய பாட்டைப் பாப்பா நீக்கிவிட்டாள். "ஏமாத்திட்டே" என்று திட்டியவர்கள் கேட்டவர்களைவிட அதிகம். திட்டியவர்களில் ஒருவன் நம்முடைய பூசணிக்காய். மூன்று நாள் பட்டினி கிடந்த நண்பன் சார்பில் நஷ்டஈடு கேட்டிருந்தான். பாப்பா அத்தனையையும் உட்கார்ந்து படித்தாள். ஒன்றையும் அழிக்கவில்லை. அடுத்த பாட்டுக்கு அடுப்பு அதில்தான் மூட்டினாள்.

பகலில் அரியர் பாடம், மாலையில் அலமாரி. தங்கை கதவுக்கு வெளியே நின்று தட்டினாள்.

"ஏண்டி, டிகிரி வாங்கினதும் இந்தக் கூத்தை விட்டுடுவியா?"

"விடமாட்டேன்."

"அப்ப டிகிரியை?"

"அதையும் விடமாட்டேன்."

"ராப்புக்கு அது எதுக்குன்னு நீதானடி கேட்டே?"

அலமாரிக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. "இப்பவும் அதுக்குத் தேவையில்லம்மா. எனக்குத் தேவை. பாட்டு நேரம் போக மிச்ச நேரத்துல பாலம் கட்டுவேன்."

"மிச்ச நேரத்துல கட்டின பாலத்து மேல ஜனங்க போகணுமேடி!"

"அதனாலதான் அரியரை ஒழுங்கா எழுதுறேன். தள்ளி நில்லும்மா, உன் மூச்சு சத்தம் மைக்ல விழுது. டமாரம், முதல்லேர்ந்து போடு."

போட்டான். மூன்றாவது வரியில் தாளம் ஓர் இம்மி தப்பியது. "மறுபடியும்," என்றாள்.